தொலைதூர விண்மீன் திரள்களைப் புறஊதாவில் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ஆழ்வெளிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சளும் நீலமுமாக ஆயிரக்கணக்கான விண்மீன் திரள்கள் இறைந்து கிடக்கும். அதே வானத் துண்டைப் புறஊதாவில் மட்டும் எடுத்த படத்தைத் திறந்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரும்பாலான இடம் வெறும் சாம்பல் நிறப் பொரிப்பொரி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நீலத் துணுக்குகள். பக்கத்துப் படத்தில் பளிச்சென்று இருந்த திரள்களில் பல இங்கே காணாமல் போயிருக்கும்.

அந்தக் காணாமல் போனவற்றில்தான் பாதி அறிவியல் இருக்கிறது. ஒரு திரள் தெரியவில்லை என்றால், அதிலிருந்து உண்மையிலேயே அந்த ஒளி வரவில்லையா, இல்லை நம் கருவிக்கு எட்டவில்லையா? இதற்கு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிற படத்தைத்தான் ஆழமான படம் என்பேன். கீழே வரும் ஒவ்வொரு படியும், "இங்கே ஒன்றும் இல்லை" என்று தைரியமாகச் சொல்லும் தகுதியை நமக்கு ஈட்டித் தருவதற்காகத்தான்.

ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்?

ஓசோன்தான் காரணம். ஏறக்குறைய 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை வளிமண்டலம் தரைக்கு விடுவதில்லை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை மலையுச்சியில் வைத்தாலும் பயனில்லை. விண்வெளியில் இருந்தால் மட்டும் போதாது, கண்ணாடியின் பூச்சும் ஒத்துழைக்க வேண்டும். ஹப்பிளின் கண்ணாடியில் அலுமினியமும், அது ஆக்சைடு ஆகாமல் காக்க மக்னீசியம் ஃபுளோரைடும் பூசப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ் வெப்பின் கண்ணாடியில் தங்கம். அகச்சிவப்புக்கு அது அருமை, புறஊதாவுக்கு உதவாது. வெப் வேலை செய்வதே சுமார் 600 நானோமீட்டருக்கு மேல்தான். ஆகவே 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிளை வெப் ஓய்வுபெற வைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 1: கேள்வியை அலைநீளமாக மாற்றுங்கள்

"தொலைதூரத் திரள்களைப் பார்க்க வேண்டும்" என்பது ஆசை. கேள்வி என்றால் அதற்குள் ஓர் எண் இருக்க வேண்டும். இந்தத் துறையில் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய எண் 91.2 நானோமீட்டர், அதாவது லைமன் எல்லை. இதைவிடக் குறைந்த அலைநீள ஒளி ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் ஆற்றல் கொண்டது. அதனாலேயே அது வழியில் எதிர்ப்படும் நடுநிலை ஹைட்ரஜனால் விழுங்கப்படுகிறது. திரளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். தப்பி வந்ததில் இன்னும் கொஞ்சம், இடைவெளியில் மிதக்கும் வாயுவில் போகும்.

பிரபஞ்சம் விரிவதால் தொலைதூர ஒளியின் அலைநீளம் வழியில் நீள்கிறது. எவ்வளவு நீண்டது என்று சொல்லும் எண்தான் செம்பெயர்ச்சி; தொலைவு கூடக் கூட அதுவும் கூடும். இப்போது 91.2-ஐ (1 + செம்பெயர்ச்சி) ஆல் பெருக்குங்கள். செம்பெயர்ச்சி 1 என்றால் வெட்டு விழும் இடம் 182 நானோமீட்டர். 2.2 என்றால் 292. அதாவது செம்பெயர்ச்சி 2.2-ஐ ஒட்டி இருக்கும் ஒரு திரள், 275 நானோமீட்டரை மையமாகக் கொண்ட ஃபில்டரில் அணைந்துபோய், 336 நானோமீட்டர் ஃபில்டரில் தெரியும். நிறமாலை எடுக்காமலேயே அதன் தொலைவை ஓரளவு சொல்லிவிடலாம். 1995 டிசம்பரில் பத்து நாள் எடுத்த முதல் ஹப்பிள் ஆழ்வெளிப் படத்திலும் 300 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்று இருந்தது. அதில் மறைந்த திரள்களை வைத்துத்தான் அக்காலத்து விண்மீன் பிறப்பு வேகத்தைக் கணக்கிட்டார்கள்.

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. திரளின் சொந்த அலைநீளத்தில் 150 நானோமீட்டர் அருகே வரும் ஒளி, இளமையான கனத்த விண்மீன்களுடையது. அதை அளந்தால் அங்கே இப்போது எவ்வளவு விண்மீன்கள் பிறக்கின்றன என்று தெரியும். செம்பெயர்ச்சி 1-இல் அந்த ஒளி நமக்கு 300 நானோமீட்டரில் வந்து சேரும். முதல் கேள்விக்கு மறைவு முக்கியம், இரண்டாவதற்கு வெளிச்சம். இரண்டையும் ஒரே ஃபில்டரில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் கடைசியில் இரண்டும் அரைகுறையாகும்.

படி 2: வானத்தில் காலி மனை தேடுங்கள்

நம் பால்வீதியின் தூசு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் புறஊதாவை மறைக்கும். அதனால் பால்வீதித் தளத்திலிருந்து விலகி, தூசு குறைந்த சன்னலாகப் பார்க்க வேண்டும். பிரகாசமான விண்மீன் பக்கத்தில் இருக்கக் கூடாது. இது வெறும் அழகுப் பிரச்சினை மட்டுமல்ல, ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, ஒவ்வொன்றாக எண்ணும் உணரிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. அளவுக்கு மீறிய ஒளி பட்டால் உணரி நிரந்தரமாகப் பழுதாகலாம். ஆகவே ஒவ்வொரு இலக்குக்கும் முன்கூட்டியே பாதுகாப்புச் சோதனை உண்டு.

இவற்றைவிட முக்கியமானது, அந்த இடத்தில் ஏற்கெனவே மற்ற அலைநீளங்களில் ஆழமான படங்கள் இருக்கின்றனவா என்பது. புறஊதாப் படம் தனியாக நின்றால் ஊமை. மறைந்துபோன திரள் அங்கே இருந்தது என்று சொல்ல இன்னொரு படம் வேண்டுமே. அதனால்தான் எல்லோரும் சில இடங்களையே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறார்கள். தெற்கே ஃபோர்னக்ஸ் விண்மீன் குழுவில் ஹப்பிள் அல்ட்ரா டீப் ஃபீல்ட் என்ற, மிக ஆழமாகப் படமெடுக்கப்பட்ட சிறு வானத் துண்டும், அதைச் சூழ்ந்த குட்ஸ் தெற்கு என்ற ஆய்வுப் புலமும். வடக்கே பெருங்கரடியில் குட்ஸ் வடக்கு. புது இடம் தேடும் ஆர்வம் புரிகிறது. ஆனால் முதல் திட்டத்துக்கு அது வேண்டாம்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே இரண்டு குலங்கள் இருக்கின்றன, குணம் முற்றிலும் வேறு.

ஒன்று சிசிடி, ஒளியை எலக்ட்ரான்களாகச் சேர்த்துவைத்துக் கடைசியில் மொத்தமாக வாசிக்கும் சிலிக்கான் உணரி. ஹப்பிளில் 2009 மே மாதப் பழுதுபார்ப்புப் பயணத்தில் பொருத்தப்பட்ட வைட் ஃபீல்ட் கேமரா 3 இந்த வகை. ஒரு பிக்சல் 0.04 வில்விநாடி. (ஒரு பாகையில் 3600 வில்விநாடிகள்.) 2.4 மீட்டர் கண்ணாடி, அற்புதமான கூர்மை. ஆனால் சிசிடி ஒவ்வொரு முறை வாசிக்கப்படும்போதும் ஒவ்வொரு பிக்சலிலும் சுமார் 3 எலக்ட்ரான் அளவுக்கு இரைச்சல் சேர்கிறது. வானமே இருண்டு கிடக்கும் புறஊதாவில் இந்த 3 எலக்ட்ரான்தான் பெரிய எதிரி.

மற்றொன்று ஃபோட்டான் எண்ணி. 2015 செப்டம்பர் 28 அன்று இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள யுவிஐடி என்ற புறஊதாக் கருவி இந்த வகை. 37.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரட்டைத் தொலைநோக்கி. பார்வைப் புலம் 28 வில்நிமிடம், ஏறக்குறைய முழுநிலவு அகலம். கூர்மை ஒன்றரை வில்விநாடிக்குள். ஒவ்வொரு ஃபோட்டானும் எங்கே, எப்போது விழுந்தது என்று விநாடிக்கு 29 சட்டகம் வீதம் குறித்துக்கொள்ளும். வாசிப்பு இரைச்சல் என்ற பேச்சே கிடையாது. தவிர, அதன் குறு அலைநீள உணரி சிவப்பு ஒளியைக் கண்டுகொள்ளாது. சிசிடி அப்படி இல்லை. புறஊதா ஃபில்டர் போட்டிருந்தாலும் கொஞ்சம் சிவப்பு ஒளி கசிந்து வரும். வயதான, சிவந்த திரள் ஒன்று புறஊதாவில் லேசாகத் தெரிகிறது என்று குதிப்பதற்கு முன் இந்தக் கசிவைக் கழித்துப் பாருங்கள்.

2003 முதல் 2013 வரை இயங்கிய கேலெக்ஸ் என்ற அரை மீட்டர் தொலைநோக்கியும் இரண்டாம் குலம்தான். வானத்தின் பெரும்பகுதியைப் புறஊதாவில் வரைந்து தந்தது. ஆனால் அதன் கூர்மை நான்கைந்து வில்விநாடி. நெருக்கமான ஆழ்வெளியில் மூன்று திரள்கள் ஒரே பொட்டாகக் குழம்பிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? திரளின் உருவமும் அதற்குள் உள்ள விண்மீன் பிறப்புத் திட்டுகளும் வேண்டுமென்றால் ஹப்பிள். 200 நானோமீட்டருக்குக் கீழே, பரந்த புலத்தில், மிகக் குறைந்த இரைச்சலில் தேட வேண்டுமென்றால் ஃபோட்டான் எண்ணி. கண்ணாடியின் பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹப்பிளின் கண்ணாடி யுவிஐடியினுடையதைவிட 40 மடங்கு பரப்பு கொண்டது. ஆனாலும் யுவிஐடி கண்ட ஒன்றை ஹப்பிள் காணவில்லை. அந்தக் கதை பத்தாவது படியில்.

படி 4: காகிதத்தில் கணக்கு போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பின்னால் அவதிப்படுவார்கள். வானியலில் ஒளியளவை மேக்னிட்யூடில் சொல்வோம். எண் கூடக் கூட மங்கல். 5 கூடினால் நூறு மடங்கு மங்கல். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு எட்டுவது சுமார் 6. நமக்கு வேண்டியது 28. அதாவது 60 கோடி மடங்குக்கும் மேல் மங்கலான ஒன்று.

ஹப்பிளின் 275 நானோமீட்டர் ஃபில்டரில் 24.1 மேக்னிட்யூடு பொருள் ஒன்று விநாடிக்கு ஒரு எலக்ட்ரான் தரும். 28-க்கு எவ்வளவு? விநாடிக்கு 0.027 எலக்ட்ரான். அரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் ஒன்று! முதல் தடவை இந்த எண் வந்தபோது தசமப் புள்ளியைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மேலே போவோம். ஓர் எக்ஸ்போஷர் 1300 விநாடி என்று வையுங்கள். மொத்தம் 36 எலக்ட்ரான், 0.2 வில்விநாடி ஆரமுள்ள வட்டத்துக்குள் விழுவது அதில் சுமார் 28. அந்த வட்டத்துக்குள் 78 பிக்சல்கள். ஒவ்வொன்றிலும் வாசிப்பு இரைச்சலின் வர்க்கம் 9.6, செயற்கையாகச் சேர்க்கும் பின்னணி 12 (ஏன் சேர்க்கிறோம் என்பது அடுத்த படியில்), இருள் மின்னோட்டம், அதாவது ஒளி படாமலேயே உணரியில் ஊறும் எலக்ட்ரான், ஒன்று சொச்சம். கூட்டி, 78-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் இரைச்சல் 42. குறிகை, அதாவது திரளின் ஒளி, 28; இரைச்சல் 42. அந்த ஒரு படத்தில் திரள் அறவே தெரியாது.

இப்படி 60 எக்ஸ்போஷர் சேர்த்தால் குறிகை 60 மடங்கு கூடும், இரைச்சல் அதன் வர்க்கமூலமான 7.7 மடங்குதான் கூடும். விகிதம் 5-ஐத் தொடும். வழக்கமாக "கண்டோம்" என்று சொல்ல வைத்திருக்கும் எல்லை அதுதான். ஆக, ஒரு ஃபில்டருக்கு ஹப்பிள் பூமியைச் சுற்றும் 30 சுற்றுகள், சுற்றுக்கு இரண்டு எக்ஸ்போஷர். 2012-இல் அல்ட்ரா டீப் ஃபீல்டைப் புறஊதாவில் எடுத்த திட்டம் கேட்டு வாங்கியதும் இதே அளவுதான்: 225, 275, 336 நானோமீட்டர் ஃபில்டர்கள் மூன்றுக்கும் சேர்த்து 90 சுற்றுகள்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. இரைச்சலில் பெரும்பங்கு வானத்திலிருந்து வரவில்லை, கருவியிலிருந்து வருகிறது. ஆகவே 1300 விநாடி எக்ஸ்போஷரை நாலாகப் பிரித்து எடுத்தால் வாசிப்பு இரைச்சலும் பின்னணி ஒளியும் நான்கு தடவை வந்து உட்காரும். காணும் ஒளியில் படமெடுத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். அங்கே வானமே வெளிச்சம் என்பதால் பிரித்தாலும் பெரிய நட்டமில்லை. இங்கே நட்டம்.

படி 5: சுற்றுகளைத் திட்டமிடுங்கள்

ஹப்பிள் பூமியை ஒரு தடவை சுற்ற 95 நிமிடம் போல ஆகும். அதில் இலக்கு கண்ணுக்குத் தெரிவது பாதிதான், மீதி நேரம் பூமி மறைத்துக்கொள்ளும். தென் அட்லாண்டிக் மேலே கதிர்வீச்சு மிகுந்த பகுதி ஒன்று இருக்கிறது, அதைக் கடக்கும் சுற்றுகளைத் தவிர்க்க வேண்டும். பூமியின் மேல் வளிமண்டலத்தில் சூரிய ஒளி பட்டு ஹைட்ரஜன் 121.6, ஆக்சிஜன் 130.4 நானோமீட்டரில் மினுக்கும். குறு அலைநீளத்தில் எடுப்பதானால் பூமியின் நிழலில் இருக்கும்போது எடுங்கள், அல்லது அந்த இரண்டையும் வெட்டும் ஃபில்டர் போடுங்கள். யுவிஐடியில் பேரியம் ஃபுளோரைடு ஃபில்டர் இந்த வேலையைச் செய்கிறது.

ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்துங்கள். கெட்ட பிக்சல் ஒரே திரளின் மேல் எப்போதும் உட்காராமல் இருக்க இது அவசியம்.

அடுத்து, வேண்டுமென்றே பின்னணி சேர்க்கும் விசித்திர வேலை. சிசிடியில் சேர்ந்த எலக்ட்ரான்கள் வரிசையாக அடுத்தடுத்த பிக்சலுக்குக் கைமாறி, ஓரத்தில் உள்ள வாசிப்பானை அடையும். கிணற்றடியில் குடத்தைக் கைமாற்றுவதுபோல. விண்வெளிக் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் சிலிக்கானில் ஏற்படுத்திய காயங்கள், போகிற போக்கில் சில எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாயிரம் கை மாறி வருவதற்குள் 28 எலக்ட்ரானில் எத்தனை மிஞ்சும்? வாசிப்பானுக்குத் தொலைவில் விழுந்த மங்கல் திரள் அடியோடு காணாமல்கூடப் போகலாம். இதற்குப் பரிகாரம், கேமராவுக்குள் உள்ள எல்ஈடியைச் சற்றே எரியவிட்டு எல்லாப் பிக்சலிலும் ஒரு டஜன் எலக்ட்ரானை முன்கூட்டியே நிரப்புவது. காயங்கள் அவற்றால் நிரம்பிவிடும், திரளின் எலக்ட்ரான்கள் தப்பிக்கும். சேர்த்த பின்னணிக்கான இரைச்சலைச் சுமக்க வேண்டும்தான். ஆனாலும் லாபம்.

மேலே சொன்ன 90 சுற்றுத் திட்டம் இதைக் கற்றுக்கொண்டது பாதி வழியில். முதல் பாதியில் பிக்சல்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்து வாசித்தார்கள், பின்னணி ஒளி போடவில்லை. இரண்டாம் பாதியில் சேர்ப்பதை விட்டுவிட்டுப் பின்னணி ஒளிக்கு மாறினார்கள். "இல்லை" என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது இந்த மாற்றத்துக்கு அப்புறம்தான் என்பது என் கருத்து. திரள் அங்கே இல்லையா, இல்லை கைமாறும் வழியில் தொலைந்ததா என்று தெரியாத படத்தில் மறைவுக்கு என்ன அர்த்தம்?

படி 6: கழுவுங்கள்

இதுதான் மிக நீளமான வேலை. காணும் ஒளிப் படங்களுக்குத் தானியங்கி மென்பொருள் தரும் வெளியீடே பெரும்பாலும் போதும். புறஊதாவில் அதை அப்படியே நம்பாதீர்கள். பின்னணி மிகக் குறைவு என்பதால், மற்ற படங்களில் அமுங்கிவிடும் குறைகளெல்லாம் இங்கே தலைதூக்கி நிற்கும்.

வரிசை முக்கியம். முதலில் சிசிடியின் அடிப்படை மின்னளவைக் கழிக்க வேண்டும். கைமாறும் இழப்புக்கான திருத்தம் மூலப்படத்தின் மேலேயே செய்யப்பட வேண்டும்; வழியில் உதிர்ந்து பின்னால் வால்போல இழுபட்ட எலக்ட்ரான்களை அது திரும்ப உரிய இடத்தில் சேர்க்கும். அதன் பின் இருள் மின்னோட்டம், எல்ஈடி பின்னணி, கடைசியில் பிக்சலுக்குப் பிக்சல் உணர்திறன் வேறுபாடு.

இருள் மின்னோட்டத்தில் கவனம் வையுங்கள். உணரி உறைநிலைக்குக் கீழே 83 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் சில பிக்சல்கள் தாமாகவே எலக்ட்ரானைக் கக்கிக்கொண்டிருக்கும். மாதம் ஒரு முறை உணரியைச் சூடாக்கி அவற்றில் பலவற்றை ஆற்றுவார்கள். மறுபடி புதியவை முளைக்கும். அதனால் ஒளி படாமல் எடுத்த போன மாத இருட்படம் இந்த மாதத்துக்கு ஆகாது. உங்கள் எக்ஸ்போஷருக்கு நெருங்கிய நாள்களில் எடுத்த இருட்படங்களைத் திரட்டி, அவற்றுக்கும் கைமாறும் இழப்புத் திருத்தம் செய்து, உங்களுக்கென்று ஓர் இருட்படம் தயாரியுங்கள். வாசிப்பானிலிருந்து தள்ளிப் போகப் போக மங்கலான கெட்ட பிக்சல்கள் கண்ணில் படாமல் நழுவும். ஒரே அளவுகோலை வைத்து உணரி முழுவதும் தேடினால், தூரத்து ஓரத்தில் கெட்ட பிக்சல் குறைவு என்று தப்பாக நினைத்துவிடுவோம். இடத்துக்கு ஏற்ப அளவுகோலை மாற்றுங்கள்.

காஸ்மிக் கதிர்கள் அடுத்த தலைவலி. அரை மணி நேர எக்ஸ்போஷரில் நூற்றுக்கு 5 முதல் 9 பிக்சல்கள் கதிரடி பட்டிருக்கும். எக்ஸ்போஷரை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருப்பதைத் தூக்கி எறிவதுதான் முறை. இங்கே ஓர் எச்சரிக்கை. ரொம்பக் கண்டிப்பாக வைத்தால் பிரகாசமான விண்மீன்களின் நடுப்பகுதியையும் கதிர் என்று நினைத்து வெட்டிவிடும். வெட்டப்பட்ட பிக்சல்களின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அதில் விண்மீன்களின் வடிவம் தெரிந்தால் கத்தி கூர்மை அதிகம்.

ஃபோட்டான் எண்ணிக்கு இந்தப் பாடு கிடையாது, அதற்கு வேறு பாடு. செயற்கைக்கோள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். யுவிஐடியில் காணும் ஒளி அலைவரிசை இந்த நகர்வைப் பின்தொடர்ந்து பதிந்து வைக்கும். அதை வைத்து ஒவ்வொரு ஃபோட்டானையும் உரிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். ஒரே சட்டகத்தில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் ஒன்றாகத்தான் எண்ணும். மங்கல் திரளுக்கு இது பொருட்டல்ல. நீங்கள் அளவு ஒப்பிட வைத்திருக்கும் விண்மீனுக்குப் பொருட்டு.

படி 7: அடுக்குங்கள்

அறுபது படங்களைத் துல்லியமாக ஒன்றன் மேல் ஒன்றாக வைக்க, எல்லாவற்றிலும் தெரியும் விண்மீன்கள் வேண்டும். புறஊதாவிலோ ஒற்றை எக்ஸ்போஷரில் ஒன்றிரண்டு தெரிந்தால் அதிகம். அதனால் ஏற்கெனவே இருக்கும் நீல ஒளிப் படத்தின் பட்டியலை ஆதாரமாக வைத்து, ஒவ்வொரு சுற்றையும் அதற்குப் பொருத்துங்கள். பத்தில் ஒரு பங்கு பிக்சல் அளவுக்குப் பொருந்தினால் நிம்மதி.

படங்களைச் சேர்க்கும் முறைக்கு டிரிஸில் என்று பெயர், தூறல் என்ற பொருளில். ஒவ்வொரு பிக்சலையும் சற்றே சுருக்கி, அதன் ஒளியைப் புதிய கட்டத்தின் மேல் தூவுவது. முதல் ஆழ்வெளிப் படத்துக்காக உருவானது. கூர்மை கூடும், ஆனால் பக்கத்துப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படம் பார்ப்பதற்கு வழவழப்பாகத் தெரியும். அந்த வழவழப்பை ஆழம் என்று எண்ணி ஏமாற வேண்டாம், அடுத்தடுத்த படிகளில் அதற்குக் கணக்கு தீர்க்க வேண்டியிருக்கும்.

படி 8: அளந்து பாருங்கள்

புறஊதாப் படத்தில் திரள்களைத் தேடாதீர்கள். ஒரு சுருள் திரள் இதில் நான்கைந்து துண்டாகத் தெரியும், ஏனென்றால் விண்மீன் பிறக்கும் திட்டுகள் மட்டுமே ஒளிர்கின்றன. மென்பொருள் அதை ஐந்து திரள் என்று பட்டியலிடும். காணும் ஒளிப் படத்தில் தேடி, அங்கே கிடைத்த எல்லையை இங்கே வைத்து அளங்கள். அப்போதுதான் மறைந்த திரளுக்கும் ஓர் அளவு கிடைக்கும்.

எல்லை பெரிதானால் வெறும் இரைச்சலையும் சேர்த்து அள்ளுவோம். சிறிதானால் ஒளி வெளியே போய்விடும். நீல ஒளிப் படத்தில் பொருத்தமான ஒரு சிறு எல்லை வரைந்து, அதில் அளந்துவிட்டு, விடுபட்ட பங்குக்குத் திருத்தம் செய்வது நல்ல சமரசம்.

வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: எதிர்ம மதிப்பு வந்தால் அதை எதிர்மமாகவே எழுதுங்கள். ஒளி எப்படி எதிர்மமாகும் என்று சிலர் அதைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். ஒளி இல்லாத நூறு இடங்களை அளந்தால் ஏறக்குறைய பாதி எதிர்மமாக வர வேண்டும், சராசரி பூஜ்யமாகும். எதிர்மங்களை அழித்துவிட்டால் சராசரி மேலே ஏறி, இல்லாத ஒளியை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

படி 9: பிழையை நீங்களே அளங்கள்

மென்பொருள் தரும் பிழை எண் பெரும்பாலும் குறைவாக இருக்கும், டிரிஸில் ஒட்டவைத்த இரைச்சல் அதற்குத் தெரியாது. எந்தத் திரளும் இல்லாத காலி இடங்களில் ஆயிரம் வட்டங்களைத் தாறுமாறாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒளியை அளங்கள். அந்த ஆயிரம் எண்களின் பரவல்தான் உங்கள் உண்மையான இரைச்சல். அது பூஜ்யத்தை மையமாகக் கொள்ளவில்லை என்றால் பின்னணியைச் சரியாகக் கழிக்கவில்லை. உணரியின் ஒரு பாதியில் ஒரு மையமும் மறுபாதியில் வேறொன்றும் வந்தால், ஆறாவது படிக்குத் திரும்பி இருட்படத்தைப் பாருங்கள்.

அப்புறம் போலித் திரள்களைப் படத்துக்குள் நட்டு, உங்கள் முறை எத்தனையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று சோதியுங்கள். மூலப்படத்திலேயே நடுவது கடினம், ஆனால் கைமாறும் இழப்பையும் சேர்த்துச் சோதிக்க அதுதான் வழி.

படி 10: "இல்லை" என்பதன் பொருள்

தனித்தனியாகத் தெரியாத நூறு திரள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால், லைமன் எல்லைக்குக் கீழே அவை சராசரியாக இவ்வளவுக்கு மேல் ஒளியைக் கசியவிடவில்லை என்று வரம்பு சொல்லலாம். பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில் நடுநிலை ஹைட்ரஜனை அயனியாக்கிய ஒளி எங்கிருந்து வந்தது என்ற பெரிய கேள்விக்கு இந்த வரம்புகள் நேரடியாக வேண்டியவை.

சரி, மாறாக ஒளி தெரிந்துவிட்டால்? முதலில் சந்தேகப்படுங்கள். பார்வைக் கோட்டில் குறுக்கே நிற்கும் அருகாமைத் திரள் ஒன்று போதும், அதன் சாதாரணப் புறஊதா ஒளியைத் தொலைதூரத் திரளின் கசிவு என்று காட்டிவிடும். கூர்மையான படத்தில் பக்கத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், நிறமாலையில் இரண்டு செம்பெயர்ச்சிகள் கலந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இதை முறையாகச் செய்ததற்கு நல்ல சான்று ஆஸ்ட்ரோசாட்டின் கண்டுபிடிப்பு. புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கனக் சாஹா தலைமையிலான குழு 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேலாக அல்ட்ரா டீப் ஃபீல்ட் பக்கம் யுவிஐடியைத் திருப்பி வைத்தது. செம்பெயர்ச்சி 1.42-இல், ஒளி வந்து சேர 930 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு திரளிலிருந்து, அதன் சொந்த அலைநீளத்தில் சுமார் 60 நானோமீட்டருள்ள ஃபோட்டான்கள் வந்திருந்தன. லைமன் எல்லைக்கு வெகு கீழே. எடுத்தது 28 மணி நேரம். அந்த ஒளி அந்தத் திரளுடையதுதான் என்று உறுதிப்படுத்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். முடிவு வெளிவந்தது 2020-இல். பெரிய கண்ணாடியுள்ள ஹப்பிளுக்குக் கிட்டாதது இதற்குக் கிட்டியதற்கு, யுவிஐடி உணரியின் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதுதான் காரணம்.

தொலைநோக்கி நேரம் கிடைக்காதவர்களுக்கு

நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் கைப்பழக்கம் வேண்டும், அதற்குத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஹப்பிள், கேலெக்ஸ் தரவுகள் மாஸ்ட் காப்பகத்தில் இருக்கின்றன. ஆஸ்ட்ரோசாட்டின் தரவை இஸ்ரோவின் காப்பகத்தில் பதிவு செய்துகொண்டு எடுக்கலாம். படங்களைப் பார்ப்பதற்கு டிஎஸ்9 மென்பொருள், அளப்பதற்கு பைத்தான் நிரல்மொழியில் ஆஸ்ட்ரோபை, ஃபோட்யூடில்ஸ் என்ற தொகுப்புகள் போதும்.

அல்ட்ரா டீப் ஃபீல்டின் 275 நானோமீட்டர் இறுதிப் படத்தையும், நீல ஒளிப் படத்தையும், வெளியிடப்பட்ட பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் செம்பெயர்ச்சி 2.5-க்கு மேல் உள்ள, நீலத்தில் தெளிவாகத் தெரியும் ஐம்பது திரள்களைப் பொறுக்கி, அவற்றின் இடத்தில் 0.2 வில்விநாடி வட்டம் போட்டுப் புறஊதாவில் அளங்கள். பக்கத்திலேயே ஆயிரம் காலி வட்டங்கள். இரண்டு பரவல்களையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். ஐம்பதில் ஒன்றிரண்டு மட்டும் வலப்பக்கம் தனியே நின்றால், நீலப் படத்தில் அவற்றின் அருகே ஒட்டியிருக்கும் சின்னப் பொட்டைத் தேடுங்கள்.